ஒரு நாள் தாமதத்துக்குப் பூஜ்யமா? ஒன்பதாம் வகுப்பு ஸ்பானிஷ் விதிகள் பற்றி

மயூர் விஹார் அம்மா:
என் மகள் இங்கே தில்லியில் ஒன்பதாம் வகுப்பு. ஆங்கிலத்தோடு ஸ்பானிஷ் எடுத்திருக்கிறாள். ஏப்ரலில் வகுப்பு விதிகள் என்று ஒரு தாள் கொடுத்துப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கினார்கள். வகுப்பில் ஸ்பானிஷ் மட்டுமே பேச வேண்டும், ஆங்கிலமும் இந்தியும் கூடாது. மொழிபெயர்ப்பு ஆப் பார்த்து எழுதினால் மார்க் கிடையாது. ஹோம்வொர்க் ஒரு நாள் தள்ளிப் போனாலும் பூஜ்யம். இன்டர்னல் 20 மார்க்கில் 5 மார்க் வகுப்பில் வாய் திறந்து பேசுவதற்கு. நானும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது பனிமூட்டத்தில் ரயில் 11 மணி நேரம் தாமதம். திங்கள்கிழமை கொடுக்க வேண்டிய கட்டுரையைச் செவ்வாய் கொடுத்தாள். பூஜ்யம். ஊரிலேயே எழுதி முடித்த கட்டுரை அது.

அதைவிட எனக்கு வலிப்பது வேறு. ஜூலையில் ஒரு வார்த்தையை இவள் தப்பாக உச்சரித்தபோது இரண்டு பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அந்த வகுப்பில் இவள் பேசுவதே இல்லை. பேசாததற்கு இப்போது மார்க் குறைக்கிறார்கள். இது நியாயமா?

ஆர்.கே.புரம் அப்பா:
ரயில் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நானும். ஆனால் ஸ்பானிஷ் மட்டும் என்ற விதியைக் குறை சொல்லாதீர்கள் அக்கா. 1998-ல் நான் இங்கே வந்தபோது ஒரு வார்த்தை இந்தி தெரியாது. காய்கறிக்காரரிடமும் பஸ் கண்டக்டரிடமும் தப்பும் தவறுமாகப் பேசித்தான் கற்றேன். யாரும் எனக்குத் தமிழில் விளக்கவில்லை. மொழி வாயில் வர வேண்டும். வாரத்துக்கு நான்கைந்து பீரியட்தான் கிடைக்கிறது, அதிலும் ஆங்கிலம் பேசினால் அந்தப் பிள்ளை ஸ்பானிஷை எங்கே பேசும்?

கரோல் பாக் தம்பி:
சார், நீங்கள் காலை முதல் இரவு வரை இந்திக்குள் இருந்தீர்கள். எங்களுக்கு 40 நிமிடம். அதே விதி இருந்த வகுப்பில் இரண்டு வருடம் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தேன். ‘மே குஸ்தா எல் தே’ என்பதை ஆங்கிலத்தில் ‘நான் டீயை விரும்புகிறேன்’ என்று மனத்துக்குள் மாற்றிப் பார்ப்பேன். ‘நான்’ எங்கே போனது என்றே தெரியாது. பிறகு ஒரு நாள் வீட்டில் பாட்டி ‘எனக்கு டீ பிடிக்கும்’ என்றபோதுதான் புரிந்தது. ஸ்பானிஷிலும் ‘எனக்கு’தான்! ‘ஆப்லோ’ என்றால் ‘பேசுகிறேன்’, ‘நான்’ என்று தனியாகச் சொல்லவே வேண்டாம், நம்மைப் போலவே. ‘து’வும் ‘உஸ்தெத்’தும் நம் நீ, நீங்கள். இதை முதல் வாரமே தமிழிலோ இந்தியிலோ யாராவது ஐந்து நிமிடம் சொல்லியிருந்தால் இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கும். தெரிந்த மொழியைக் கதவுக்கு வெளியே நிறுத்தும் விதி எனக்குச் சரியாகப் படவில்லை.

துவாரகா டீச்சர்:
நான் வேறொரு பள்ளியில் ஸ்பானிஷ் நடத்துகிறேன். இதே போன்ற தாளை ஒவ்வோர் ஏப்ரலிலும் நானும் கொடுக்கிறேன், அதனால் எங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

முதலில் ஆப். ஒரு மாணவி ‘எனக்கு போரடிக்கிறது’ என்று எழுத நினைத்து ‘ஸொய் அபுரீதா’ என்று எழுதிவந்தாள். அதற்கு ‘நான் போரான பெண்’ என்று அர்த்தம். ‘எஸ்தொய் அபுரீதா’ என்று வந்திருக்க வேண்டும். இயல்பைச் சொல்ல ஒரு வினை, அந்த நேரத்து நிலையைச் சொல்ல இன்னொரு வினை, இதுதான் முதல் ஆண்டின் பெரிய பாடம். அந்தத் தப்பு எனக்குச் சந்தோஷம் தந்தது, ஏனென்றால் அவள் யோசித்து எழுதியிருந்தாள். அதே வாரம் இன்னொரு நோட்டில் ‘உபியேரா’ வந்தது. ‘இருந்திருந்தால்’ என்பது போன்ற வடிவம் அது. நிகழ்காலமே நான் நடத்தி முடிக்கவில்லை! அந்த நோட்டில் நான் திருத்த என்ன இருக்கிறது? பையனுக்கு எது தெரியவில்லை என்றே எனக்குத் தெரியாமல் போகிறது. இந்த விதியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பேசுவதற்கு மார்க் வேண்டும் என்பதும் என் கட்சி. தேலே என்பது ஸ்பெயின் நடத்தும் ஸ்பானிஷ் மொழித் தேர்வு. அதை இங்கே ஹனுமான் ரோட்டில் இருக்கும் ஸ்பெயின் அரசின் மொழி, பண்பாட்டு மையமான இன்ஸ்டிட்யூட்டோ செர்வாந்தெஸில் எழுதலாம். அதன் ஏ1 என்ற தொடக்க நிலையில் வாசிப்பும் எழுத்தும் சேர்ந்து 50, கேட்பதும் பேசுவதும் சேர்ந்து 50. இரண்டு பாதியிலும் தனித்தனியாக 30 எடுக்க வேண்டும். எழுத்தில் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் வாய் திறக்காத பிள்ளை அங்கே நிற்க முடியாது.

தம்பி சொன்னதை நான் ஏற்கிறேன். இலக்கணம் சொல்லும் பத்து நிமிடம் எந்த மொழியும் பேசலாம், அப்புறம் ஸ்பானிஷ். அதற்கு முன்னால் நான்கு வாக்கியங்களைக் கையில் கொடுத்துவிடுவேன்: ‘நோ எந்தியெந்தோ’ (புரியவில்லை), ‘மாஸ் தெஸ்பாஸியோ’ (இன்னும் மெதுவாக), ‘கோமோ ஸே தீஸே’ (இதை எப்படிச் சொல்வது), வெளியே போக அனுமதி கேட்க ஒன்று. இவை இல்லாமல் மற்ற மொழிக்குத் தடை போட்டால் பிள்ளை ஊமையாகத்தான் இருக்கும்.

தாமதம்: திங்கள் வகுப்பில் விடைகளைப் பலகையில் எழுதித் திருத்திவிடுவோம். செவ்வாய் வரும் நோட்டு யார் எழுதியது?

மயூர் விஹார் அம்மா:
கோடிட்ட இடம் நிரப்புவதற்கு நீங்கள் சொல்வது பொருந்தும் மேடம். இவள் எழுதியது ‘என் குடும்பம்’. அவள் தாத்தாவின் மாட்டுக்கொட்டகையைப் பலகையில் யார் எழுதிப் போடுவார்கள்?

துவாரகா டீச்சர்:
சரி, அது நியாயம். கட்டுரைக்கு நான் பூஜ்யம் போடுவதில்லை, நாளுக்குக் கால்பங்கு குறைப்பேன். ஆண்டுக்கு மூன்று முறை காரணம் கேட்காமல் ஒரு நாள் அவகாசமும் உண்டு. மகள் எந்த வார்த்தையில் தடுக்கினாள்?

மயூர் விஹார் அம்மா:
‘பெர்ரோ’. நாய் என்பதற்கு ‘பெரோ’ என்று சொல்லிவிட்டாளாம்.

கரோல் பாக் தம்பி:
‘பெரோ’ என்றால் ‘ஆனால்’. அக்கா, சின்ன வயதில் கார் பொம்மை ஓட்டும்போது ‘டுர்ர்ர்’ என்போமே, அதே ர்ர்தான். பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வாரம் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் பழகினேன்.

ஆர்.கே.புரம் அப்பா:
அவளைப் பழகச் சொல்வது சரி. சிரித்த பிள்ளைகளுக்கு அந்தத் தாளில் என்ன விதி?

துவாரகா டீச்சர்:
என் தாளில் அதுதான் முதல் விதி. பிறர் தப்புக்குச் சிரித்தால் அதே 5 மார்க்கிலிருந்து போகும். அம்மா, அந்தப் பள்ளித் தாளில் இப்படி ஒன்று இருக்கிறதா பாருங்கள்.

மயூர் விஹார் அம்மா:
இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். 14 விதிகள். அது இல்லை. சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்துக்கு இந்தத் தாளோடு போகிறேன். கட்டுரை மார்க்கை இரண்டாவதாகத்தான் கேட்பேன்.