காராமணி வேர்முடிச்சு உள்ளே வெள்ளையா இருக்கு: குப்பை உரமா, உப்புத் தண்ணியா?

பாத்திக்காரன்:
மணலி புதுநகர் தாண்டி 10 சென்ட். பாதியில் அரைக்கீரை, சிறுகீரை, பாதியில் காராமணி. அடியுரம் சலிச்ச நகரக் கம்போஸ்ட். போர் தண்ணி உப்புக் கரிக்குது. 35 நாள் செடியைப் பிடுங்கினா வேர்ல முடிச்சு நிறைய இருக்கு, ஆனா எல்லாம் கடுகு சைஸ். நகத்தால கிள்ளினா உள்ளே வெள்ளை. மண்ணுல கவர் துணுக்கு கண்ணுக்கே தெரியுது. வேர்கிட்ட இருக்கிற நுண்ணுயிரைக் கெடுக்கிறது பிளாஸ்டிக்கா, உலோகமா? என்ன டெஸ்ட் எடுக்கணும்? வேம் (வேரோட சேர்ந்து வாழற பூஞ்சை உரம்) வாங்கிப் போட்டா சரியாகுமா?

வேர்முடிச்சு:
வேலை செய்யற முடிச்சு உள்ளே இளஞ்சிவப்பா இருக்கும். லெக்ஹீமோகுளோபின்ங்கிற புரதத்தோட நிறம் அது. சின்னதா, நிறைய, வெள்ளையா இருந்தா ரைசோபியம் பாக்டீரியா உள்ளே போயிருக்கு, ஆனா காத்துலேர்ந்து தழைச்சத்தைப் பிடிக்கலைன்னு அர்த்தம். இங்கிலாந்தில் வோபர்ன் பண்ணையில் 1942 முதல் 1961 வரை சாக்கடைக் கசடு போட்ட மண்ணில் இதேதான் நடந்தது. கசடு நிறுத்திப் பல வருஷம் கழிச்சும் க்ளோவர்ங்கிற தீவனச் செடி வேரில் முடிச்சு வந்தது, தழைச்சத்து பிடிக்கலை. உலோகத்தைத் தாங்கி மிஞ்சினது உதவாத ரைசோபியம் ரகம் மட்டும்.

ஆனா உடனே உலோகத்து மேல பழி போடாதீங்க. யூரியா போட்டிருந்தாலும் முடிச்சு சோம்பும். உப்பும் அப்படித்தான்.

வேம் விஷயம்: அரைக்கீரை, சிறுகீரை, பாலக் எல்லாம் அமராந்த் குடும்பம். அந்தக் குடும்பத்து வேர் பொதுவா வேம் பூஞ்சையோட சேராது. கீரைப் பாத்தியில் அதைக் கொட்டறது காசைக் கொட்டறது. காராமணிக்கும் கத்திரிக்கும் போடலாம்.

உப்புக்கரை:
உங்க இடத்துல எனக்கு முதல் சந்தேகம் தண்ணி மேலதான். மீஞ்சூர் பக்கம் கடல்நீர் நிலத்தடியில ஏறினது ஊரறிஞ்சது. குளோரைடு அதிகமான தண்ணி, மண்துகளோட ஒட்டிக்கிட்டிருக்கிற காட்மியத்தைக் கரைச்சு வெளியே இழுக்கும். மொத்தக் காட்மியம் குறைவா இருந்தாலும், கரைஞ்சதுதான் நுண்ணுயிரையும் கீரையையும் போய்ச் சேரும். அதனால "மொத்த உலோகம்" ரிப்போர்ட் மட்டும் பத்தாது. டிடிபிஏ முறையில் (வேருக்குக் கிடைக்கிற உலோகத்தை மட்டும் கரைச்சு அளக்கிற டெஸ்ட்) வர்ற அளவையும் கேளுங்க. கூடவே மண்ணோட பிஎச், இசி (உப்பு அளவைக் காட்டற மின்கடத்தல்), தண்ணியோட இசி, குளோரைடு.

கம்போஸ்ட்டுக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணை வரம்பு கிலோவுக்கு ஈயம் 100 மி.கி., காட்மியம் 5 மி.கி. வரம்பைத் தொடற உரத்தைச் சதுர மீட்டருக்கு 1 கிலோ போட்டா, மேல் 15 செ.மீ. மண்ணில் ஈயம் கிலோவுக்கு சுமார் அரை மி.கி. ஏறும். ஒரு தடவைக்குச் சின்ன எண்தான், ஆனா ஏறினது இறங்காது. இன்னொரு ஓட்டை: கம்போஸ்ட்ல 90 சதவீதம் 4 மி.மீ. சல்லடையில் இறங்கணும்கிறதுதான் விதி. மைக்ரோபிளாஸ்டிக்னா 5 மி.மீ.க்குக் கீழே. சலிச்சா பெரிய கவர் நிக்கும், பொடி உள்ளே வந்துடும்.

மண்பரிசோதனை:
பிளாஸ்டிக் தனியா நுண்ணுயிரைக் கொல்றது குறைவு. மண் இடுக்கை மாத்தும், தண்ணி ஓட்டத்தை உடைக்கும், தன் மேல வேற மாதிரி நுண்ணுயிர்க் கூட்டத்தை வளர்க்கும். வெயில்ல நைஞ்ச துணுக்கு உலோகத்தையும் பிடிச்சுவைக்கும், ஆனா களிமண் அளவுக்கு இறுக்கமா இல்லை. பழைய மஞ்சள், சிவப்புத் துணுக்குல ஈயம், காட்மியம் நிறமியே இருக்கலாம். அதைப் பொறுக்கிடுங்க.

எவ்வளவு இருக்குன்னு பார்க்க: காய்ஞ்ச மண் 100 கிராம், 1 லிட்டர் தண்ணியில 350 கிராம் உப்பு, கலக்கி ராத்திரி முழுக்க வைங்க. மிதக்கிறதை வெள்ளைத் துணியில வடிகட்டுங்க. வேர்த்தூளும் மிதக்கும், காய்ச்சின ஊசியால தொட்டா பிளாஸ்டிக் சுருளும், வேர் கருகும். பிவிசியும் பெட் பாட்டிலும் இதுல மிதக்காது, கணக்குல வராது.

உலோக மாதிரிக்குத் துத்தநாகம் பூசின கரண்டி வேண்டாம். மரக்குச்சியால 8, 10 இடத்துல 15 செ.மீ. ஆழம் எடுத்துக் கலந்து அரைக் கிலோ நிழல்ல உலர்த்துங்க. நுண்ணுயிர் டெஸ்டுக்கு நேர் எதிர்: உலர்த்தவே கூடாது. செடியை உதறின பிறகும் வேர்ல ஒட்டியிருக்கிற மண்ணை பிரஷ்ல தட்டி, ஐஸ் பெட்டியில அன்னிக்கே கொடுங்க. டீஹைட்ரஜனேஸ் (உயிரோட இருக்கிற நுண்ணுயிரோட நொதி) டெஸ்ட் கேளுங்க. மண் மூச்சு (நுண்ணுயிர் விடற கார்பன் டை ஆக்சைடு) மட்டும் எடுத்தா ஏமாறுவீங்க. உலோகத்தை வெளியே தள்ளறதுக்கே சக்தி செலவாகறப்போ மூச்சு ஏறும், வளர்ச்சி இருக்காது.

பாத்திக்காரன்:
நன்றிங்க. சாம்பல் போட்டா உலோகம் கட்டுப்படும்னு பக்கத்து நிலத்துக்காரர் சொல்றாரு, போடலாமா?

உப்புக்கரை:
பிஎச் பார்க்காம வேண்டாம். 7.5க்கு மேல இருந்தா சாம்பலும் சுண்ணாம்பும் வீண். குரோமியம், ஆர்சனிக் இருந்தா இன்னும் நகரும். அனல்மின் நிலையச் சாம்பல்னா அதுலயே ஆர்சனிக், போரான் இருக்கும். மக்கின மாட்டெரு 10 சென்ட்டுக்கு 500 கிலோ போதும்.

வேர்முடிச்சு:
லேபுக்கு முன்னாடி தொட்டி வெச்சுப் பாருங்க. உங்க மண், சுத்தமான செம்மண். ஒவ்வொண்ணுக்கும் போர் தண்ணி, மழைத்தண்ணி. நாலு வகை, வகைக்கு மூணு தொட்டி. காராமணி ரைசோபியத்தை ஆறின கஞ்சியில குழைச்சு எல்லா விதையிலயும் பூசி, நிழல்ல உலர்த்தி விதைங்க. யூரியா கூடாது. 35ஆம் நாள் முடிச்சைக் கிள்ளிப் பாருங்க. போர் தண்ணி தொட்டி ரெண்டு வகையும் வெளுத்தா உப்பு. மழைத்தண்ணியிலயும் உங்க மண் மட்டும் வெளுத்தா டிடிபிஏ ரிப்போர்ட்டுக்குக் காசு செலவழிக்கலாம். உங்க மண்ணுலயே மழைத்தண்ணியில சிவந்தா, அடுத்து போர் தண்ணித் தொட்டியைப் பாருங்க. அதுவும் சிவந்திருந்தா நிலத்துல நல்ல ரைசோபியம் ரகம் இல்லாததுதான் குறை, விதை நேர்த்தி போதும்.