70 பெரியவர்களோடு மன்னார்குடிக்கு ஒருநாள் பயணம்: ரயிலில் ரெண்டு பெட்டி போதுமா?

நிழற்குடை:
அறக்கட்டளை சார்பில் சென்னை முதியோர் இல்லங்களிலிருந்து 70 பெரியவர்கள், தன்னார்வலர்களோடு சேர்த்து 150 பேர். மன்னை எக்ஸ்பிரஸில் இரவு ஏறி, காலையில் இறங்கி, ராஜகோபாலசுவாமி கோயில் பார்த்துவிட்டு அன்றிரவே திரும்பும் திட்டம். தனி ரயிலா, பெட்டி மட்டுமா?

கேபின்மேன்:
தனி ரயில் கட்டுப்படியாகாது சார். எத்தனை பெட்டி கேட்டாலும் குறைந்தது 18 பெட்டிக்குக் கணக்கு. முன்பணமே 9 லட்சம். ஐஆர்சிடிசியின் எஃப்டிஆர் தளத்தில் (முழுக் கட்டணம் கட்டி மொத்தமாகப் பதியும் தளம்) பெட்டி மட்டும் பதியுங்க. பெட்டிக்கு 50,000 முன்பணம். 6 மாதம் முன்பிலிருந்து 30 நாள் முன்புவரை பதியலாம். 10 நிமிஷமாவது நிற்கிற ஸ்டேஷனில்தான் மாட்டுவதும் கழட்டுவதும். மன்னார்குடியிலேயே வண்டி முடிவதால் அந்தத் தொல்லை இல்லை.

வண்டி ஏற்கெனவே முழு நீளத்தில் ஓடினால் கைவிரிச்சிடுவாங்க, அதனால் மாற்றுத் தேதி கையில் இருக்கட்டும். சலுகை எதுவும் கிடையாது; காலி பெர்த்துக்கும் முழுக் கட்டணம்.

சைடுலோயர்:
80 பெர்த் வீதம் ரெண்டு பெட்டி, 160 பேர்னு கணக்குப் போடாதீங்க. லோயரை எண்ணுங்க. ஸ்லீப்பரில் 8 பெர்த்துக்கு 3தான் லோயர், அதுவும் சைடு லோயரைச் சேர்த்து. புது வகையான எல்எச்பி பெட்டிக்கு 30, ரெண்டுக்கு 60. மீதிப் பத்துப் பெரியவர்கள் மிடிலில் ஏறணும்! பழைய ஐசிஎஃப் பெட்டி வந்தால் 72 பெர்த், 27 லோயர். மொத்தமே 144 பேர்தான். மூணாவது பெட்டி எடுங்க, இல்லைன்னா பெரியவர்களை 50ஆகக் குறைங்க. காசு இடிக்குதுன்னா ஆளைக் குறைப்பதுதான் சரி. இடுப்பு வலிக்காரங்களுக்கு சைடு லோயர் வேண்டாம். ரெண்டு சீட்டைச் சாய்ச்சு சேர்க்கிற இடம் முதுகில் உறுத்தும்.

நிழற்குடை:
நன்றி. மதியம் பெட்டியிலேயே படுத்துக்கலாமா?

கேபின்மேன்:
வேண்டவே வேண்டாம். எல்எச்பிக்குக் கரண்ட் பவர் கார்ங்கிற ஜெனரேட்டர் பெட்டியிலிருந்தோ இன்ஜினிலிருந்தோ வருது. கழட்டி நிறுத்தினால் ஃபேன் ஓடாது. மதியம் கோயில் நடையும் சாத்திடுவாங்க. பக்கத்தில் கல்யாண மண்டபம் ஒன்றைப் பகல் முழுக்க எடுங்க. உட்காரும் கழிப்பறை இருக்கான்னு நேரில் பார்த்துட்டு முன்பணம் கொடுங்க. கோயிலோட ஹரித்ரா நதி பேருக்குத்தான் நதி, 23 ஏக்கர் தெப்பக்குளம். சுற்றி நடக்க வைக்காமல் ஒரு கரையில் உட்கார வைத்தால் போதும்.

இன்னொண்ணு, பெட்டிக்குத் தண்ணீர் ஏத்தச் சொல்லி ஸ்டேஷன் மாஸ்டரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுங்க. சாயங்காலம் ஆள் ஏறுவதற்கு முன்னால் நீங்களே உள்ளே போய் ரெண்டு பக்கக் குழாயையும் திறந்து பாருங்க. வண்டி கிளம்பிட்டால் அடுத்த பெரிய ஸ்டேஷன்வரை ஒண்ணும் செய்ய முடியாது.