ஆறடி மீன்தொட்டி, அடியில மூணு ஓட்டை: எதை வச்சு அடைக்கிறது?

வில்லாபுரம் வாசி:
அண்ணன்மாருக்கு வணக்கம். தெரிஞ்சவர் ஒருத்தர் வீடு மாத்துறாருன்னு அவர்ட்ட இருந்த 6x2x2 அடி தொட்டிய வாங்கிட்டேன், 12 எம்எம் கண்ணாடி, கீறல்கூட அதிகமில்ல. அவரு சம்ப் வச்சு, அதாவது தண்ணிய கீழ இன்னொரு தொட்டிக்கு இறக்கி ஃபில்டர் பண்ணி, ஓட்டினவரு, அதனால அடிக்கண்ணாடில மூணு ஓட்டை கெடக்கு, ஒன்றரை இஞ்ச் ரெண்டு, ஒரு இஞ்ச் ஒண்ணு. எனக்கு சம்ப் வேணாம், கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளிய நிக்கிற மூடுன டப்பா ஃபில்டர்) ரெண்டு போட்டு கோல்டுஃபிஷ் விடணும். ப்ளம்பர்ட்ட கேட்டா எம்சீல உருட்டி அடைச்சுட்டா போதும்ண்டு சொல்றாரு, எனக்கு மனசு ஒப்பல. முழுசா ரொம்புனா கிட்டத்தட்ட 680 லிட்டர், ஹால்ல வைக்கப்போறேன். அம்மா இப்பவே தரையில இருந்த அரிசி மூட்டைய கட்டில் மேல ஏத்திட்டாங்க. என்ன பண்றது?

திருமங்கலம் மீன்தொட்டி:
தம்பி எம்சீல் மட்டும் வேணாம். அது இறுகிப்போனா கல்லு மாதிரி, ஓட்டையோட விளிம்புல அந்த 12 எம்எம் கனத்துல மட்டும்தான் பிடிச்சுக்கிட்டு நிக்கும், தண்ணி ஏறி கண்ணாடி லேசா அசைஞ்சா விட்டுரும். கண்ணாடிக்கடைல வேஸ்ட் பீஸ்ல 4 இஞ்ச் சதுரமா மூணு துண்டு வெட்டி, ஓரம் தேச்சு வாங்குங்க, 8 எம்எம் இருந்தா தாராளம். அத சிலிக்கான் பசை வச்சு உள்பக்கமா ஒட்டணும், அதான் முக்கியம். உள்ள ஒட்டுனா தண்ணியே துண்ட அமுக்கிப் பிடிக்கும், வெளிய ஒட்டுனா அதே தண்ணி பிச்சுத் தள்ளும். 2 அடி தண்ணிக்கு சதுர சென்டிமீட்டருக்கு 60 கிராம் சுமைதான், ஒன்றரை இஞ்ச் ஓட்டைக்கு கணக்குப் போட்டா முக்கா கிலோகூட வராது, அதனால கண்ணாடி தாங்குமாங்கிற பயம் வேணாம், ஒட்டு சுத்தமா இருக்கான்னு மட்டும் பாருங்க.

பழைய சிலிக்கான பிளேடு வச்சு முழுசா சுரண்டிருங்க, பழசு மேல புதுசு சரியா ஒட்டாது. அப்பறம் அசிட்டோன் தொட்டு துடைங்க, துடைச்ச இடத்துல விரல் வைக்காதீங்க. சிலிக்கான் வினிகர் வாடை அடிக்கிற டைப் வாங்குங்க, பாத்ரூமுக்குன்னு பூஞ்சை மருந்து கலந்து விக்கிறது மீனுக்கு ஆகாது.

கூடல்நகர் டேங்க்:
அண்ணன் சொல்றது சரிதான், ஆனா நான் டேங்க் நிப்பிள்தான் சொல்லுவேன், ஓட்டைல சொருகி கீழ நட்டு போட்டு முறுக்குற பைப் துண்டு. ரப்பர் வாஷர் உள்பக்கம் வர்ற மாதிரி மாட்டி, வாய்ல டெஃப்லான் டேப் சுத்தி டம்மி மூடி போட்டுட்டா முடிஞ்சது, நாளைக்கு சம்ப் வைக்கணும்னு தோணுனா டம்மிய கழட்டுனா போதும். நட்ட கையால முறுக்கி அதுக்கு மேல கால் சுத்து, அவ்வளவுதான். எங்க வீட்டுல ஒருதடவ பைப் ரெஞ்ச் போட்டு முறுக்குனப்ப டிக்குனு ஒரு சத்தம், ஓட்டைல இருந்து மூலை வரைக்கும் தலைமுடி மாதிரி ஒரு கோடு ஓடிருச்சு. நாலடி தொட்டி, அன்னைக்கே போச்சு. இன்னமும் அந்த சத்தம் காதுல இருக்கு.

வில்லாபுரம் வாசி:
நிப்பிள் ஆசையாத்தான் இருக்குண்ணே, ஆனா நான் அடிச்ச ஸ்டாண்டுல மேல 18 எம்எம் ப்ளைவுட், ஓட்டை எதுவும் இல்ல. நட்டு கீழ துருத்துமே?

கூடல்நகர் டேங்க்:
அப்ப வேணாம் தம்பி, துண்டே ஒட்டுங்க. நட்டு மேல தொட்டி உக்காந்தா அடிக்கண்ணாடி நிச்சயமா உடையும்.

மேலூர்க்காரன்:
ஒண்ணே ஒண்ணு சேத்துக்கிறேன். துண்ட வச்சு அமுக்குறப்ப ஒருத்தர கீழ இருந்து டார்ச் அடிச்சுப் பாக்கச் சொல்லுங்க, ட்ரான்ஸ்பரன்ட் சிலிக்கான்னா காத்து நின்ன இடம் வெள்ளி மாதிரி மின்னும், அது போற வரைக்கும் அமுக்குங்க. இம்புட்டு அகலத் துண்டுக்கு நடுப்பக்கம் காயவே நாளாகும், ஒரு வாரம் தொடாதீங்க. அப்பறம் அரை அடி அரை அடியா ரொப்புங்க, ஓட்டைக்குக் கீழ நியூஸ்பேப்பர் விரிச்சு வச்சா ஒரு சொட்டுக்கும் ஊறிக் காட்டிக்குடுத்துரும்.

வில்லாபுரம் வாசி:
ஒட்டி எட்டு நாள் விட்டு, முந்தாநாள்ல இருந்து கொஞ்சம் கொஞ்சமா ரொப்பி இப்ப ஒன்றரை அடி நிக்குது. பேப்பர் மொடமொடன்னு காஞ்சு கெடக்கு. ரெண்டாவது துண்டுல மட்டும் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு காத்துக்குமிழி மாட்டிக்கிச்சு, விளிம்புல இல்ல, நடுவுல, ஓட்டைய ஒட்டி. விடலாமா, பிரிச்சு ஒட்டணுமா?

திருமங்கலம் மீன்தொட்டி:
சுத்திவர ஒரு இஞ்ச் நல்லா பிடிச்சிருந்தா விட்ருங்க தம்பி. முழுசா ரொப்பி ரெண்டு நாள் பாத்துட்டு மணல் போடுங்க.