டென்ஷனர் ஸ்போக்ஸ் பக்கம் சாயுது, என்ன பண்ணலாம்?

கேள்வி: சைக்கிள்ல 2 ஸ்ட்ரோக் 80 சிசி இன்ஜின் கிட், 415 செயின், பின்னால 44 பல் ஸ்ப்ராக்கெட். வேகம் ஏறினா செயின் கழலுது, செயின் தொய்வை எடுக்க ஃப்ரேம் குழாய்ல கிளாம்ப் போட்டு மாட்டின டென்ஷனரோட உருளை ஸ்போக்ஸ் பக்கம் திரும்புது. கிளாம்ப் போல்ட்டை இன்னும் முறுக்கலாமா?

பதில் 1: வேண்டாம், ஃப்ரேம் குழாய் நசுங்கிடும். முதல்ல ஸ்ப்ராக்கெட்டைப் பாருங்க. பின்சக்கரத்தைத் தூக்கி, ஃப்ரேம்ல ஒரு கம்பி கட்டி, முனையைப் பல்லுக்கு ஒட்டினாப்ல நிறுத்திச் சக்கரத்தை மெதுவா சுத்துங்க. இடைவெளி பக்கவாட்டுல 1 மி.மீ.க்கு மேல மாறினா, ஸ்ப்ராக்கெட்டை ஸ்போக்ஸோட பிடிக்கிற 9 போல்ட்டையும் எதிரெதிரா கால் சுத்து கால் சுத்தா இறுக்கணும். ஒரு இடத்துல செயின் விறைப்பு, இன்னொரு இடத்துல தொளதொளன்னா ஸ்ப்ராக்கெட் மையத்துல உட்காரல. போல்ட்டைத் தளர்த்தி நகர்த்துங்க.

பதில் 2: பெடல் பக்கத்துலேர்ந்து பின்சக்கர அச்சுக்குப் போற ரெண்டு கீழ்க்குழாயும் பின்னால போகப்போக விலகி விரியும். டென்ஷனர் பிராக்கெட்டும் அதோட கோணத்துல உட்காரும், உருளை சாயும். வைஸ்ல பிடிச்சு பிராக்கெட்டை லேசா முறுக்கி, உருளையைச் செயினுக்கு நேரா கொண்டுவாங்க. விறைப்பான இடத்துல 12 மி.மீ. தொய்வு போதும். டென்ஷனர் திரும்பாம இருக்க குழாய்ல ஓட்டை போட்டு போல்ட் மாட்டச் சொல்வாங்க. வேண்டாம், அங்கயே விரிசல் விழும்.

பதில் 3: டிராப்அவுட்ல (பின்சக்கர அச்சு உட்காருற பிளவு) இடம் இருந்தா சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து டென்ஷனரையே கழட்டிடலாம். பெடல் செயினும் கூடவே இறுகும், அதையும் பாருங்க.