இசட்-இண்டெக்ஸ் 9999 போட்டும் மெனு மேப்புக்கு அடியில் போகிறது

செங்கோட்டைக்காரன்:
அண்ணாச்சி யாராவது பாருங்கள், மூன்று நாளாக இதிலேயே கிடக்கிறேன். பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து புளியரை, ஆரியங்காவு வழியாகப் புனலூருக்குக் காய்கறி ஏற்றுகிற லாரிக்காரர் ஒருவருக்கு வெப் பக்கம் செய்கிறேன். மேலே ஸ்டிக்கி ஹெடர் (ஸ்க்ரோல் செய்தாலும் மேலேயே ஒட்டி நிற்கும் தலைப்பட்டை), இசட்-இண்டெக்ஸ் (எது எதற்கு மேலே தெரிய வேண்டும் என்று சொல்லும் எண்) 10. அதற்குள் மொழி மாற்றும் மெனு. கீழே லீஃப்லெட் (வெப் பக்கத்தில் மேப் காட்டும் கோட் நூலகம்) மேப். மெனுவைத் திறந்தால் ‘தமிழ்’ தெரிகிறது, அடுத்த வரியான ‘மலையாளம்’ மேப்புக்குள் மறைந்துவிடுகிறது, புனலூர்க் கடைக்காரர்களுக்கு வேண்டியதே அந்த வரிதான். மெனுவுக்கு 9999 போட்டேன், அசையவில்லை. ஹெடருக்கு 500 போட்டதும் மேப் கீழே போனது, ஆனால் நான் வலது மூலையில் வைத்திருக்கும் கூட்டல், கழித்தல் பட்டன் மட்டும் ‘மலையாளம்’ என்ற எழுத்தின் மேலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.

குமுளி_ரோடு:
தம்பி, 9999 மேல் தப்பில்லை, அது எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று பாருங்கள். லாரியில் அடிப்பெட்டிக்குள் தக்காளியை எவ்வளவு குவித்தாலும் மேல்பெட்டிக்கு மேலே வராது, அதே கதைதான். ஸ்டிக்கி ஹெடர் தனி ஸ்டாக்கிங் கான்டெக்ஸ்ட், அதாவது தனி அடுக்குப் பெட்டி, ஆகிவிடுகிறது, மெனுவின் 9999 அதற்குள் மட்டுமே செல்லும், வெளியே மெனுவுக்கும் ஹெடரின் 10தான் கணக்கு.

லீஃப்லெட் மேப்போ அப்படித் தனிப்பெட்டி ஆவதில்லை. உள்ளே இருக்கும் படத்துக்கு 400, மூலை பட்டன்களுக்கு 1000 என்று அதன் சிஎஸ்எஸ்ஸிலேயே (தோற்றத்தைச் சொல்லும் கோட்) இருக்கிறது, அந்த எண்கள் நேராக வெளியே வந்து உங்கள் ஹெடரோடு மோதுகின்றன. 500 போட்டபோது படம் இறங்கி பட்டன் இறங்காததற்கு இதுதான் காரணம். ஹெடரை 1001 ஆக்கினாலும் வேலை நடக்கும், ஆனால் அப்படி ஏற்றிக்கொண்டே போகாதீர்கள், நாளைக்கு இன்னொரு கோட் நூலகம் 2000 கேட்கும். மேப் இருக்கும் டிவ்வுக்கு (அதைச் சுற்றியுள்ள டேக்) ‘ஐசொலேஷன்: ஐசொலேட்’ என்று ஒரு வரி போடுங்கள். எண்களெல்லாம் உள்ளேயே அடங்கிவிடும். ஹெடரின் 10 அப்படியே இருக்கட்டும்.

செங்கோட்டைக்காரன்:
சரியாகிவிட்டது அண்ணாச்சி, ரொம்ப நன்றி! 9999-ஐயும் எடுத்துவிட்டேன். அப்புறம் ஒன்று, ஒவ்வொரு காய்க்கும் ஒரு கார்டு இருக்கிறது, அதைத் தொட்டால் கார்டுக்குள்ளிருந்தே ஆர்டர் ஃபார்ம் திறக்கிறது, பக்கத்துக் கார்டு அதை மறைக்கிறது. பொசிஷன் ஃபிக்ஸட்தான் (திரையை அளவாக வைத்து ஒரே இடத்தில் நிறுத்துவது) கொடுத்திருக்கிறேன்.

கம்பம்_மெட்டு:
கார்டுக்கு டிரான்ஸ்ஃபார்ம் (பெரிதாக்குவது, நகர்த்துவது, சுழற்றுவது) ஏதாவது கொடுத்திருக்கிறீர்களா? இருந்தால் அதுவும் தனிப்பெட்டிதான், ஒபாசிட்டி (ஒளிபுகாத அளவு) 1-க்குக் குறைந்தாலும், ஃபில்டர் (மங்கலாக்குவது போன்ற விளைவு) போட்டாலும் அப்படித்தான். டிரான்ஸ்ஃபார்ம் உள்ள கார்டுக்குள் ஃபிக்ஸட் என்பது திரையை விட்டுவிட்டுக் கார்டையே அளவாக எடுத்துக்கொள்ளும், நிறைய பேர் இங்கேதான் மாட்டுகிறார்கள். ஃபார்மை டயலாக் டேகில் வைத்து ‘ஷோமோடல்’ என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டளை கொண்டு திறங்கள். பிரௌசர் அதை எல்லாவற்றுக்கும் மேலான டாப் லேயருக்குக் கொண்டுபோய்விடும், இசட்-இண்டெக்ஸே வேண்டாம். வெறும் ‘ஷோ’ போட்டால் இது நடக்காது, அதைக் கவனியுங்கள்.

செங்கோட்டைக்காரன்:
ஆமாம், தொட்டால் கார்டு கொஞ்சம் பெரிதாக ஸ்கேல் கொடுத்திருந்தேன். டயலாக்குக்கு மாற்றிவிட்டுப் போனிலும் பார்த்துச் சொல்கிறேன்.