ஆர்வெல்லின் திரையும் நம் கைபேசியும்

கேள்வி: 1949இல் வந்த ஆர்வெல்லின் '1984' நாவலை இப்போதுதான் முடித்தேன். அதில் ஆளும் கட்சிக்காரர் வீட்டுச் சுவரில் உளவுத் திரை இருக்கிறது. நாமோ கைபேசியைக் காசு கொடுத்து வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறோம். நம் நிலைமை அதைவிட மோசமா?

பதில் 1: இல்லை. அந்தத் திரை எப்போது பார்க்கிறது என்றே தெரியாது, அந்தச் சந்தேகமே ஆளை அடக்கிவிடும். 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயத் தத்துவவாதி பெந்தம் யோசித்த, காவலர் எப்போது பார்க்கிறார் என்று கைதிக்குத் தெரியாத சிறைத் திட்டமும் இதே தந்திரம்தான்.

பதில் 2: கருவியை விடுங்கள். கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸான ஸ்டாசியிடம் கைபேசியா இருந்தது? 1989இல் சுமார் 90,000 முழுநேர ஊழியர்கள், அதுபோக பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை செய்பவர் என்று எங்கும் ஒற்றர்கள். சரி, இன்று அத்தனை பேர் தேவையில்லை. அமெரிக்க உளவுத்துறை தொலைபேசி அழைப்பு விவரங்களை மொத்தமாகவே திரட்டியது, அதற்காக வேலை பார்த்த ஸ்னோடனால் 2013இல் வெளிவந்தது.

கேள்வி கேட்டவர்: அட, ஒற்றர்களை மறந்தே போனேன். நாவலிலும் அப்பனைக் காட்டிக்கொடுப்பது பெற்ற மகள்தானே!