புது உளி வாய் மடங்குது: இரும்பு மட்டமா, தோய்ச்சல் மட்டமா?

மரத்தூள்:
வணக்கம். கால், அரை, முக்கால், ஒரு இஞ்ச் என்று நாலு உளி உள்ள செட். வாங்கி ஆறு மாசம் ஆகவில்லை. தேக்கில் ஓரளவு ஓடுது. வேம்பு, கருவேலம் என்று போனால் பத்துப் பதினைந்து அடியிலேயே கூர் போயிடுது. இதில் விசித்திரம் என்னவென்றால், அரை இஞ்ச் உளியில் வாய் மடங்கி ஒரு பக்கம் பிசிறு தள்ளுது; முக்கால் இஞ்சில் மடங்காமல் பொடிப்பொடியாகப் பல் விழுது. ஒரே டப்பாவில் வந்த சாமான், கெடுவது ரெண்டு விதம். கோணம் 25 டிகிரி. சாணை 4 இஞ்ச் கிரைண்டரில், கடைசியில் எண்ணெய்க் கல்.

இரும்பே மட்டமா, தோய்ச்சல் (சூடாக்கி எண்ணெயிலோ தண்ணீரிலோ முக்கிக் கெட்டியாக்குவது) சரியில்லையா என்று வீட்டிலேயே எப்படிப் பிரித்துப் பார்ப்பது? மறுபடி தோய்ச்சல் போட்டால் தேறுமா? மம்பட்டி, ஸ்பானர் எல்லாம்கூட முன்னே மாதிரி உழைப்பதில்லை. வாங்கும்போது எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

உலைக்களம்:
மடங்கினால் மெது, பல் விழுந்தால் கெட்டி அதிகம். முதலாவதில் தோய்ச்சல் ஏறவில்லை, அல்லது ஏறியது பிறகு சூட்டில் இறங்கிவிட்டது. இரண்டாவதில் தோய்த்த பிறகு பதம் இறக்காமல், அதாவது மிதமாகச் சூடாக்கிக் கெட்டியைக் கொஞ்சம் தணிக்காமல், விட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த முடிவுக்குப் போகும் முன் இரண்டு விஷயம்.

ஒன்று, உங்கள் கிரைண்டர். 4 இஞ்ச் கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று. உளி வாய் மாதிரி மெல்லிய இடத்தில் அது கண் இமைக்கும் நேரத்தில் 300 டிகிரியைத் தாண்டும். வாயில் நீலம் ஓடினால் அந்த இடத்துத் தோய்ச்சல் செத்துவிட்டது என்று அர்த்தம். நீலத்தைக் கல்லில் தேய்த்து அழித்தால் நிறம்தான் போகும், மெது போகாது. அந்த நீளம் முழுக்கத் தேய்ந்து வெளியேற வேண்டும். இனி மெதுவாகச் சுற்றும் சாணை, பக்கத்தில் தண்ணீர், இரண்டு இழுப்புக்கு ஒரு முக்கு. விரல் தாங்காத சூடு வரவே கூடாது.

இரண்டு, இதே தவறைத் தொழிற்சாலையும் செய்யும். அவசரமாகச் சாணை பிடித்து அனுப்புவதால் புது உளியில் முதல் 3 மி.மீ. பல நேரம் வெந்து கிடக்கும். அதனால் 3, 4 மி.மீ. குளிரக் குளிரத் தேய்த்து எறிந்துவிட்டுப் பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள். முதுகுப் பக்கத்தையும் (சாய்வு இல்லாத தட்டைப் பக்கம்) கல்லில் சமமாகத் தேயுங்கள். உலையில் அதிக நேரம் கிடந்த எஃகில் மேல்தோலின் கார்பன் எரிந்து போகும். அந்தத் தோல் மெல்லியதுதான், ஆனால் உளியின் கூர் உட்கார்ந்திருப்பதே முதுகுத் தோலில்தான். தோல் போனால் சில உளிகள் ஆள் மாறியது போல வேலை செய்யும்.

25 டிகிரியும் கருவேலத்துக்குத் தாங்காது. முதல் கோணம் 25 இருக்கட்டும், வாயில் மட்டும் 30 டிகிரியில் சின்னதாக இரண்டாவது கோணம் கொடுங்கள். கொட்டாப்புளியால் அடித்துக் கொத்துகிற உளிக்கு 35 வரை போகலாம். முக்கால் இஞ்சில் பல் விழுவது இதிலேயே நிற்கக்கூடும்.

இவ்வளவுக்கும் பிறகு கெட்டால் அரம் வைத்துப் பாருங்கள். நல்ல புது முக்கோண அரம், பழையது வேண்டாம். உளியின் பக்கவாட்டில், வாயிலிருந்து 5 மி.மீ. தள்ளி லேசாக இழுங்கள். கண்ணாடிமேல் போவது போல வழுக்கினால் தோய்ச்சல் இருக்கிறது. பிடித்துத் தூள் கொட்டினால் இல்லை. அப்படியே மேலே மேலே ஏறிப் பாருங்கள். முதல் 10 மி.மீ. மட்டும் வழுக்கி அப்புறம் கடித்தால், அந்த உளிக்கு ஆயுள் அந்த 10 மி.மீ. தான். பழைய நல்ல உளிகளில் தகட்டின் பெரும்பகுதி வரை வழுக்கும். விலை குறைத்தது எங்கே என்பதை அரம் சொல்லிவிடும்.

தட்டிப் பார்த்துக் "கணீர்னு இருக்கு, நல்ல இரும்பு" என்று சொல்வதை நம்பாதீர்கள். தோய்ச்சல் ஏறினாலும் ஏறாவிட்டாலும் சத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். விரிசல் இருந்தால் மட்டும் சத்தம் செத்து வரும்.

மறு தோய்ச்சல் முறை:

பிடியைக் கழற்றுங்கள். வாய் 1 முதல் 1.5 மி.மீ. தடிமன் இருக்கும்படி மொண்ணையாக்குங்கள். கூராக இருந்தால் நெருப்பில் முனை முதலில் கருகும், தோய்க்கும்போது வெடிக்கும்.

கரி உலையிலோ கேஸ் டார்ச்சிலோ வாயிலிருந்து 30 மி.மீ. வரை ஒரே சீராகச் சூடாக்குங்கள். நிழலான இடத்தில் செய்யுங்கள். வெயிலில் நிறம் ஏமாற்றும். காந்தம் ஒட்டாமல் போவது சுமார் 770 டிகிரியில். அங்கிருந்து இன்னும் ஒரு சாயல் ஏற்றினால் போதும். மஞ்சள் வரைக்கும் போனால் எஃகின் உள்மணி பருத்து உளி கண்ணாடி மாதிரி உடையும்.

ஒரு லிட்டருக்குக் குறையாமல் எண்ணெய், கை பொறுக்காத சூட்டில், இரும்புப் பாத்திரத்தில். செங்குத்தாக இறக்கி மேலும் கீழும் ஆட்டுங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் வளையும். தீப்பிடித்தால் அணைக்கப் பாத்திரத்துக்கு மூடி பக்கத்திலேயே இருக்கட்டும்.

ஆறியதும் மேல் கருப்பைச் சுரண்டிவிட்டு அரம் வையுங்கள். வழுக்கினால் வெற்றி. அப்படியே விட்டுவிடாதீர்கள், இந்த நிலையில் கீழே விழுந்தாலே உடையும். எமரி போட்டு வெள்ளையாக்கி, ஓடிஜி அடுப்பில் 200 முதல் 220 டிகிரியில் ஒரு மணி நேரம், ஆறவிட்டு இன்னொரு மணி நேரம். அடுப்பு இல்லையென்றால் வாய்க்குப் பின்னால் 40 மி.மீ. தள்ளிச் சுடர் காட்டுங்கள். நிறம் வரிசையாக வாய் நோக்கி ஓடிவரும்: முன்னால் இளம் வைக்கோல், அதன் பின்னால் பழுப்பு, கத்தரிப்பூ, நீலம். வைக்கோல் நிறம் வாயைத் தொட்டதும் தண்ணீரில் முக்குங்கள். பழுப்பு தொட்டால் கொஞ்சம் மெது, நீலம் தொட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

தோய்த்த பிறகும் அரம் கடித்தால் ஒரு தடவை தண்ணீரில் தோய்த்துப் பாருங்கள். அப்போதும் கடித்தால் அதில் கார்பனே இல்லை. 0.2 சதவீதக் கார்பன் உள்ள சாதா இரும்பை எந்த ஆசாரியாலும் உளியாக்க முடியாது, உளிக்கு 0.7க்கு மேல் வேண்டும். அதைப் பெயிண்ட் டப்பா திறக்க வைத்துக்கொள்ளுங்கள்.

வயல்வரப்பு:
மம்பட்டி பக்கம் சொல்றேன். முன்னே மெது இரும்பு உடம்புக்கு வாயில் மட்டும் உருக்கு வைத்து அடிப்பாங்க. தேய்ந்தால் பட்டறையில் மறுபடி உருக்கு வைத்துக்கலாம். உடம்பு வருஷக்கணக்கில் நிற்கும், வாய் மட்டும் மாறும். இப்போ ஒரே தகட்டை பிரஸ்ஸில் வெட்டி, கணை மாட்டுற வளையத்தைத் தனியா வெல்டு அடிச்சு வருது. உடையுற இடம் பார்த்தா முக்கால்வாசி அந்த வெல்டு ஓரம்தான். வாங்கும்போது வளையமும் தகடும் ஒரே இரும்பில் அடிச்சதா, ஒட்டுப் போட்டதான்னு கழுத்தைப் பாருங்க. பெயிண்ட் தடிமனா அப்பியிருந்தால் நகத்தால் சுரண்டிப் பாருங்க, கடைக்காரர் முறைச்சா முறைக்கட்டும்.

தேய்ஞ்ச மம்பட்டிக்கு லாரிப் பட்டை (ஸ்பிரிங் தகடு) துண்டை வெல்டு வைக்கிறவங்க அதிகம். பட்டை நல்ல இரும்புதான், 0.5, 0.6 சதவீதம் கார்பன், கூடவே சிலிக்கானும் மாங்கனீசும் இருக்கும். திருப்பாச்சேத்தி அரிவாளே பட்டையில்தான் அடிக்கிறாங்க. ஆனா குளிர்ந்த பட்டையில் சாதா ராடு போட்டு வெல்டு வைத்தால், ஒட்டின இடத்துக்குப் பக்கத்துல சட்டுன்னு ஆறிக் கண்ணாடி மாதிரி ஆயிடும். வெல்டு அப்படியே இருக்கும், அதை ஒட்டின பட்டை பிளக்கும். பட்டையை முதலில் 250 டிகிரி போலச் சூடாக்கணும். காயவைத்த 7018 ராடு (ஹைட்ரஜன் குறைஞ்ச வெல்டிங் ராடு) போடணும். முடிஞ்சதும் சாம்பலுக்குள் புதைச்சு ராத்திரி முழுக்க ஆற விடணும். தண்ணி ஊத்தி ஆற வைக்கிற வெல்டர்கிட்ட கொடுக்காதீங்க.

கருக்கரிவாளும் (வாயில் பல் வெட்டின அரிவாள்) இதே கதை. இரும்பு கெட்டியாகும் முன்னேயே கருக்கு வெட்டி அப்புறம் தோய்ச்சல் போடணும். தோய்ச்சல் இல்லாம பாலிஷ் மட்டும் போட்டு வர்றது ரெண்டாவது நாள் அறுப்பிலேயே வழவழன்னு ஆயிடும். கருக்கு மேல அரம் ஒரு இழுப்பு இழுத்தா தெரிஞ்சிடும்.

பதினேழு_பத்தொன்பது:
ஸ்பானரில் "குரோம் வனேடியம்" என்ற எழுத்துக்கு மதிப்பு வைக்காதீங்க, எழுத்து அடிக்கத் தனி எஃகு தேவையில்லை. அளவைப் பாருங்க. 13 ஸ்பானர் எடுத்தால் எம்8 போல்ட் தலையில் போட்டுப் பாருங்க. போல்ட் தலையே 12.73 முதல் 13.00 மி.மீ. வரை வரும். ஸ்பானர் வாயை வெர்னியரில் அடியிலும் நுனியிலும் அளந்தால் ரெண்டும் ஒண்ணா இருக்கணும். நுனி விரிஞ்சிருந்தால் அது போல்ட்டின் மூலையை மட்டும் பிடிக்கும், உருட்டிடும். தாடை கெட்டி இல்லாத ஸ்பானர் புதுசில் சரியா இருக்கும், நாலு இறுகின போல்ட்டுக்கு அப்புறம் விரியும். அதனால பழைய ஸ்பானரையும் அளந்து பாருங்க. குரோம் உரிஞ்சு செதில் தூக்கினால் கை கிழியும், தூக்கிப் போடுங்க.

சுத்தியல் வாங்கும்போது, வார்த்ததா அடிச்சதா பாருங்க. வார்த்த தலையில் நடுவே மெல்லிசா ஒரு அச்சுக் கோடு, மேலே மணல் பொரிப்பொரியா. ஃபோர்ஜிங்கில் அகலமா சாணை போட்ட தழும்பு இருக்கும். வார்த்த சுத்தியலால் உளித்தலையில் அடிச்சா சில்லு தெறிக்கும். நல்ல சுத்தியலா இருந்தாலும் சுத்தியலை சுத்தியலால் அடிக்காதீங்க.

ஸ்க்ரூ டிரைவர் பத்தி ஒண்ணு. ஜப்பான் வழி வந்த பைக்கில் கார்பரேட்டர், மாஸ்டர் சிலிண்டர் மூடி ஸ்க்ரூ பலதும் ஜே.ஐ.எஸ். (ஜப்பான் தர அளவு) வகை. பார்க்க பிலிப்ஸ் மாதிரியே இருக்கும், தலையில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். பிலிப்ஸ் முனை அதில் அடி வரை இறங்காமல் நழுவி ஏறும். தலையும் போகும், முனையும் போகும், பழி மட்டும் டிரைவர் கம்பெனிக்கு.

காயலான்:
ஒரு பக்கம் மட்டும் பேசறீங்க. அந்தக் காலத்து உளி எல்லாம் நல்லா இருந்ததுன்னு தோணக் காரணம், மோசமானதெல்லாம் எப்பவோ காயலான் கடைக்குப் போயிடுச்சு. பெட்டியில் மிஞ்சினது நல்லது மட்டும். இன்னொண்ணு, ரம்பம். இப்ப வர்ற ரம்பத்தில் பல் நுனி கருநீலமா இருக்கும். மின்சாரத்தில் தோய்ச்ச பல் அது, அரத்தை விடக் கெட்டி. பழைய ரம்பத்தை விடப் பல மடங்கு நாள் கூர் நிற்கும். ஆனா மழுங்கினால் அரம் போட முடியாது, தூக்கிப் போடணும். இதைத் தரம் குறைஞ்சதுன்னு சொல்வீங்களா, கூடினதுன்னு சொல்வீங்களா?

உலைக்களம்:
ரம்பத்தில் சொல்வது சரி. உளிக்குப் பொருந்தாது, உளி சாணை பிடித்தே வாழ வேண்டிய சாமான். எஃகு மோசமாகிவிட்டது என்று நானும் சொல்லவில்லை, நல்ல எஃகு முன்பைவிடச் சுலபமாகக் கிடைக்கிறது. குறைப்பது உலை நேரத்தில்தான். பதம் இறக்கும் ஒரு மணி நேரம், சாணைக்குத் தண்ணீர், ஒவ்வொரு உளிக்கும் ஒரு சோதனை, இவைதான் விலையில் அடிபடுகிறது. கலவைக் கழிவு இரும்பை உருட்டிச் செய்தால் ஒரு கட்டிக்கும் அடுத்த கட்டிக்கும் கார்பன் மாறும். எல்லாவற்றையும் ஒரே சூட்டில் போட்டு எடுத்தால் ஒன்று மடங்கும், ஒன்று பல் விழும். ஒரே டப்பாவில் ரெண்டு விதம் வர அது ஒரு காரணம்.

மரத்தூள்:
நன்றி அண்ணே. 4 மி.மீ. தேய்த்து அரம் வைத்ததில் கால், முக்கால், ஒரு இஞ்ச் மூன்றும் வழுக்குது. அரை இஞ்ச் மட்டும் கடிக்குது. அதைத் தோய்க்க என்ன எண்ணெய்? வண்டியில் இறக்கின பழைய ஆயில் இருக்கு.

உலைக்களம்:
பழைய எஞ்சின் ஆயில் வேண்டாம், புகை நஞ்சு. கடலை எண்ணெய் போதும், 60 டிகிரிக்குச் சூடாக்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருந்து மெதுவாகத்தான் சூட்டை இழுக்கும். வேலை முடிந்ததும் வடிகட்டி மூடி வைத்தால் அடுத்த முறைக்கும் ஆகும். முக்கால் இஞ்ச் 30 டிகிரியிலும் பல் விழுந்தால் மறுபடி தோய்க்க வேண்டாம், 220 டிகிரியில் ஒரு மணி நேரம் அடுப்பில் மட்டும் வையுங்கள்.